கடை திறப்பில் ஒரு சாவு மோளம்

என்னைப் பொறுமைசாலி என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. சொன்னால் கிண்டல் பண்ணுகிறார்கள் என்று எனக்கே கோபம் வந்துவிடும். பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருபது வருஷமாக ஃபிட்டர். நான் ஸ்பேனரைக் கையில் எடுத்தால் பக்கத்தில் நிற்பவர் இரண்டடி தள்ளிப் போய்விடுவார். அப்பேர்ப்பட்ட ஜூடியிடம் வந்து, "நிமிஷத்துக்கு நூத்திப்பத்து தடவை அமுக்கணும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது" என்றால் நடக்கிற காரியமா?

சொன்னது சாரா. ராயபுரத்துப் பெண், ஆஸ்பத்திரி நர்ஸ். ஒரு மழைக்காலத்தில் தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு இரண்டு நாள் இடுப்பளவுத் தண்ணீரில் கிடந்தது. அப்போது யாரும் கேட்காமலே சோறு பொங்கிக் கொடுத்து, நோயாளிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அலைந்த நாலு பேரைத் தேடிப் பிடித்து, "நல்ல மனசு மட்டும் போதாது, இனிமே எதையும் தெரிஞ்சு செய்யுங்க" என்று ஒரு குழுவாகச் சேர்த்துவிட்டாள். நான் ஒருத்தி. மாவு மில் ராமசெல்வி ஒருத்தி. துறைமுகத்துக்கு கன்டெய்னர் வண்டி ஓட்டுகிற பக்ருதீன் பாய். நாலாவது மேத்யூ.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வகுப்பு. காயத்துக்குக் கட்டுப் போடுவது, விஷவாயு கசிந்தால் காற்றுக்கு எந்தப் பக்கம் ஓடுவது, எல்லாம் எனக்குச் சட்டென்று வந்தது. வராதது ஒன்றே ஒன்றுதான், நெஞ்சை அமுக்குவது. ஒருவருக்கு இதயத் துடிப்பு நின்றுவிட்டால் ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சின் நடுவில் கையை வைத்து அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டுமாம். அதற்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாத ஒரு ரப்பர் பொம்மை. சரியான வேகத்தில் அமுக்கினால் பச்சை விளக்கு எரியும், வேகம் கூடினால் சிவப்பு. நான் கை வைத்தாலே சிவப்புதான்.

"அக்கா, நீங்க காப்பாத்துற மாதிரி இல்ல, பழி வாங்குற மாதிரி இருக்கு" என்றாள் சாரா. "இவ்ளோ வேகமா அமுக்கினா நெஞ்சுக்குள்ள ரத்தம் ரொம்பறதுக்கு நேரமே இல்ல."

"நீ சும்மா கிட. உயிர் போகசொல்ல ஆற அமர எவ அமுக்குவா?" என்று கத்தினேன். பொம்மையின் விளக்கு அப்போதும் சிவப்பாகவே எரிந்தது.

மேத்யூதான் அதற்கு வழி கண்டுபிடித்தான். அவன் சாவு மோளம் அடிப்பவன். காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் எந்த வீட்டில் இழவு விழுந்தாலும் முதல் போன் அவனுக்குத்தான் போகும். தெருவில் நின்று அடிப்பான், தெருவிலேயே பிணத்தோடு நடந்து போய்விடுவான். ஒரு கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ அவனை யாரும் கூப்பிட்டதில்லை. அந்த ஞாயிறு நான் திணறுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வெளியே நின்ற தன் ஆட்டோவிலிருந்து மோளத்தை எடுத்து வந்தான்.

"யக்கா, பொணம் தெருமுனை திரும்பசொல்ல ஒரு அடி கீது. தூக்குறவன் கால் தடுக்காம நடக்கறதுக்கோசரம் அடிக்கிறது. அத கேட்டுகினே அமுக்கிப் பாரு."

அடித்தான். டங்கு டக்கு, டங்கு டக்கு. என் கை தானாக அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பச்சை விளக்கு. சாரா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தாள். சரியாக நூற்றுப் பத்து.

அந்தச் சந்தோஷம் பத்து நிமிஷம்கூட நிலைக்கவில்லை. வகுப்பு நடந்த குடோன் சங்கரநாராயணன் அண்ணாச்சியுடையது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், மளிகை மொத்த வியாபாரம். எங்களுக்கு இடத்தைச் சும்மாதான் கொடுத்திருந்தார். மோளச் சத்தம் கேட்டுச் செருப்பைக்கூடப் போடாமல் ஓடி வந்தார்.

"என்னம்மா இது? வத்தல் மூட்டைக்கு நடுவுல சாவு மேளமா? அடுத்த மாசம் புதுக்கடை திறக்கப் போறேன். ஒங்களுக்கு இடம் வேணும்னா அந்த மேளம் இந்த வாசல்ல ஏறக் கூடாது, சொல்லிட்டேன்."

"அண்ணாச்சி, அது மோளம் இல்ல, மருந்து" என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. சாரா என் கையைக் கிள்ளினாள். மேத்யூ மோளத்தைத் துண்டால் சுற்றினான்.

"உடு யக்கா. நமக்கு இன்னா இது புதுசா?"

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் அன்றைக்கு முழுக்க ஆத்திரம் அடங்கவில்லை. அதற்குப் பிறகு அவன் வகுப்பில் தொடையில் தட்டிக் காட்டுவான், நான் காதைத் தீட்டிக்கொண்டு அமுக்குவேன். பாதி பச்சை, பாதி சிவப்பு.

கடை திறப்பு ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. முதலில் வரும் இருநூறு பேருக்கு பிளாஸ்டிக் பக்கெட் இலவசம் என்று அண்ணாச்சி நோட்டீஸ் அடித்துவிட்டார். கேட்க வேண்டுமா? ஆறு மணிக்கே வரிசை அடுத்த தெருவரை போய்விட்டது. கூட்டத்தைச் சமாளிக்க எங்களைக் கூப்பிட்டிருந்தார். நான் லீவு போட்டுவிட்டு வந்தேன், சாராவுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. மேத்யூ காசிமேட்டில் ஒரு சாவை முடித்துக்கொண்டு நேராக வந்தான். ஆட்டோவை எதிர்ச்சாரியில் நிறுத்தி, பின்சீட்டில் மோளத்தைத் துண்டு போட்டு மூடிவிட்டு, கடை ஓரமாக ஒதுங்கி நின்றான்.

அண்ணாச்சி பட்டு வேட்டியில் ஜம்மென்று இருந்தார். பக்கத்தில் அவர் மனைவி சீனியம்மாள், கழுத்து நிறைய நகை. ஒலிபெருக்கியில் நாதஸ்வரம். ரிப்பனை வெட்டக் கத்திரிக்கோலை எடுத்தவர் ஒரு கணம் நின்றார். முகமெல்லாம் வேர்வை. "என்னமோ மாதிரி வருது சீனி" என்றார். அவ்வளவுதான், கத்திரிக்கோல் ஒரு பக்கம், அண்ணாச்சி ஒரு பக்கம்.

ஓடிப்போய்த் தோளைத் தட்டினேன். அசைவில்லை. மூக்கருகே கன்னத்தை வைத்துப் பார்த்தேன். மூச்சில்லை. ராமசெல்வி அதற்குள் 108-க்குப் போன் போட்டுவிட்டாள்.

"அக்கா, வண்டி வந்துகினு கீதாம். ஆனா ரோடு முழுக்க கன்டெய்னர் வண்டியாம், நவுர முடியலியாம்!"

"அத நான் பாத்துக்கிறேன். அல்லாரும் நம்ம தோஸ்துங்கதான்" என்று சொல்லிவிட்டு பக்ருதீன் பாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

நான் மண்டி போட்டு அமுக்க ஆரம்பித்தேன். சுற்றிலும் கூட்டம். ஒருவர் சோடா தெளிக்கச் சொன்னார், ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் கொடுக்கச் சொன்னார், இன்னொருவர் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டு வந்தே விட்டார். நாதஸ்வரத்தை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அது ஒரு பக்கம் பறந்தது, நான் ஒரு பக்கம் பறந்தேன்.

"அக்கா, ஓடாத! ரொம்ப ஸ்பீடு!" ராமசெல்வி அலறினாள்.

தெரிகிறது. எனக்கே தெரிகிறது. ஆனால் கை கேட்க மாட்டேன் என்கிறது. மேத்யூ எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து தொடையில் பட்டுப் பட்டென்று தட்டினான். அந்த இரைச்சலில் ஒன்றும் காதில் விழவில்லை. பொம்மையின் சிவப்பு விளக்கு என் கண்ணுக்குள் எரிந்தது. கடவுளே, இந்த மனுஷன் என் கையில் செத்துவிடுவார் என்று பயந்துவிட்டேன்.

"மேத்யூ! மோளத்த எட்தாடா!"

அவன் அப்படியே உறைந்துவிட்டான். "யக்கா, கடை தெறப்பு யக்கா. ஒதைப்பாங்க."

"ஒதச்சா நான் வாங்கிக்கிறேன். அடிடா!"

ஓடினான். வந்தான். அண்ணாச்சியின் தலைமாட்டில் நின்று அடித்தான்.

டங்கு டக்கு, டங்கு டக்கு.

கடைத்தெருவே கப்சிப். நாதஸ்வரத்தைக்கூட யாரோ நிறுத்திவிட்டார்கள். அடுத்த நொடி சீனியம்மாள் மார்பில் அறைந்துகொண்டு கத்தினார். "பாவி, என் புருசன் உசுரோட கெடக்கையிலயே சாவு மேளம் அடிக்கானே!" அண்ணாச்சியின் மச்சான் மேத்யூவின் சட்டையைப் பிடித்தார், ஒரு குச்சியைப் பிடுங்கி எறிந்தார். மேத்யூ அசையவில்லை. மிச்சமிருந்த குச்சியால் ஒரு பக்கமும் வெறுங்கையால் மறுபக்கமும் அடித்தான். ஒரு அடி தப்பவில்லை.

"அவன் மேல கை வெச்ச, நடக்கிறதே வேற!" என்று மச்சானைப் பார்த்துக் கத்தினேன். கத்தினாலும் கை மட்டும் தாளத்தை விடவில்லை. அமுக்கு, விடு. அமுக்கு, விடு. இரண்டு நிமிஷம் நான், இரண்டு நிமிஷம் ராமசெல்வி. மாறும்போதும் மோளம் நிற்கவில்லை. மூச்சு வாங்கிய நேரமெல்லாம் அண்ணாச்சியை நன்றாகத் திட்டினேன். "யோவ் அண்ணாச்சி, எயுந்திருய்யா! இருநூறு பேரு பக்கெட்டுக்கு நிக்கிறான், நீ பாட்டுக்குப் படுத்துகினா யாரு பதில் சொல்றது?"

பதினோரு நிமிஷம். அதற்குள் பக்ருதீன் பாய் இருபது கன்டெய்னர் வண்டிகளை ஓரம்கட்ட வைத்துவிட்டு, முன்னால் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். பின்னால் ஆம்புலன்ஸ். வண்டியில் வந்தவர்கள் அண்ணாச்சி நெஞ்சில் கரண்ட் கொடுக்கும் பட்டைகளை ஒட்டி எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். அண்ணாச்சி உடம்பு ஒரு தூக்கு தூக்கிப் போட்டது. ஆம்புலன்ஸ்காரர் ஒருவர் அவர் கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தது போலிருந்தது.

"பல்ஸ் வந்துடுச்சு. தூக்குங்க, தூக்குங்க!"

எல்லாரும் ஓ என்று கத்துகிறார்கள், அழுகிறார்கள். மேத்யூ மட்டும் இன்னும் அடித்துக்கொண்டே இருந்தான். நிறுத்தச் சொல்லி அவனிடம் யாரும் சொல்லவில்லை.

"போதும்டா, நிறுத்து. ஆளு வந்துட்டாரு."

நிறுத்தினான். உள்ளங்கை சிவந்து வீங்கியிருந்தது. "முப்பது வருசமா அடிக்கிறேன் யக்கா. ஒருத்தனும் திரும்பி வந்ததில்ல" என்றான். உதடு கோணிக்கொண்டது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. நடுரோட்டில் இரண்டு பேரும் பக்கெட் வரிசைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதோம்.

நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். இதயக் குழாயில் இருந்த அடைப்பை எடுத்துவிட்டிருந்தார்கள், அண்ணாச்சி சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"வெலா எலும்பு ரெண்டு போச்சும்மா. என்ன கை அது?"

"ரயிலுப் பெட்டிக்குப் பழகின கை அண்ணாச்சி. கொஞ்சம் அனுசரிச்சுக்கோங்க."

சிரிக்கப் போய், வலியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "மேளம் கேட்டுச்சி பாத்துக்கிடுங்க. எவனோ போய்ட்டான் போலன்னு நெனச்சேன். பெறகு ஒங்க ஏச்சு கேட்டுச்சி. சொர்க்கத்துல இப்படியெல்லாம் ஏச மாட்டாங்களேன்னு திரும்பிட்டேன்." நிஜமாகக் கேட்டாரா, மனைவி சொன்னதை வைத்துக் கதை கட்டினாரா, எனக்குத் தெரியாது.

ஒன்றரை மாதம் கழித்து மறுபடியும் திறப்பு விழா. அதே இடம், அதே வரிசை. அன்றைக்கு பக்கெட்டுக்குக் கொடுத்த பழைய டோக்கனைப் பத்திரமாக வைத்திருந்து நீட்டியவர்களும் உண்டு. சாராவும் வந்திருந்தாள். ஒலிபெருக்கியும் இல்லை, நாதஸ்வரமும் இல்லை. கடை ஷட்டர் மூடியே இருந்தது. மேத்யூ வழக்கம்போல் எதிர்ச்சாரியில் ஆட்டோவுக்குப் பக்கத்தில் நின்றான். பின்சீட்டில் மோளம், மேலே துண்டு.

சீனியம்மாள் குங்குமத் தட்டோடு படியிறங்கினார். யாருக்கோ திலகம் வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பாட்டுக்கு ரோட்டைக் கடந்தார். ஒரு கன்டெய்னர் வண்டியே பிரேக் அடித்து நின்றது. நேரே மேத்யூவிடம் போய் நின்றார்.

"தம்பி, அன்னைக்கு வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேன். மனசுல வெச்சுக்கிடாதீங்க. வாங்க. நீங்க மேளத்தோட வந்தாத்தான் அவிய கடையத் திறப்பாவளாம்."

மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பட்டும். மேத்யூ மோளத்தை மாட்டிக்கொண்டு வந்தான். வாசல்வரை வந்துவிட்டு, பழக்கதோஷம், படிக்குக் கீழேயே நின்றுகொண்டான். அண்ணாச்சி குனிந்து அவன் கையைப் பிடித்துப் படியேற்றினார். அவன் என் பக்கம் திரும்பினான். பாவம், முகம் வெளுத்துப்போயிருந்தது.

"யக்கா, இன்னா அடிக்கிறது? நல்ல காரியத்துக்கு எனுக்கு ஒரு அடியும் தெரியாதே."

பதில் சொன்னது அண்ணாச்சி. இடது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, வலது கையால் ஷட்டரைப் பிடித்தபடி சொன்னார்.

"அன்னைக்கு எனக்கு அடிச்சியள்லா, அதையே அடிங்க தம்பி."