பதின்மூன்றாம் மாதத்து உறுப்பினர்

புகலிட மன்ற உறுப்பினர் கிளிஃபர்ட் ஹெப்வர்த் ஆண்டுதோறும் செப்டம்பர் ஆறாம் தேதி காலை இல்லாமல் போவார். பதினோராம் தேதி காலை மறுபடியும் இருப்பார். விடுப்பு எடுப்பதில்லை, எங்கேயும் போவதில்லை. இல்லாமல் போவார், அவ்வளவுதான். முதல் ஆண்டில் இது ஒரு விசாரணையின் நடுவே நடந்தது. டொராண்டோவில், மன்றத்தின் ஒன்பதாம் மாடியில், ஹைதியிலிருந்து ஓடிவந்த ஒரு தச்சரிடம் "நீங்க சொல்றதை நான் ஏன்..." என்று ஆரம்பித்தவர், கேள்வி முடிவதற்குள் காலி. நாற்காலி லேசாகச் சுழன்றது. மேசைமேல், க்ரீமும் சர்க்கரையும் இரட்டிப்பாகப் போட்ட அவருடைய டபுள்-டபுள் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. மொழிபெயர்ப்பாளர் பாதிக் கேள்வியை மொழிபெயர்த்துவிட்டு மீதிக்காகக் காத்திருந்தார். வீட்டில் அவர் மனைவி டோரிஸ், ராத்திரி வழக்கமான உறுமல் கேட்கவில்லையே என்று, குளிர்சாதனப் பெட்டி நின்றுவிட்டதாக நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

ஹெப்வர்த் சட்டம் படித்தவர் அல்ல. நகருக்கு வடக்கே தரைவிரிப்புக் கடை வைத்திருந்தவர். ஆளுங்கட்சிக்காக இரண்டு தேர்தல்களில் நின்று இரண்டிலும் மண்ணைக் கவ்வியவர். நம்ம ஆளை நடுத்தெருவில் விடக்கூடாதே என்று கட்சி இந்தப் பதவியைக் கொடுத்தது. கடையில் பேரம் பேச வருகிறவர்களின் பொய்யைக் கண்டுபிடித்த அனுபவம் போதும் என்று அவரே எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். எதிரே உட்கார்ந்தவர் அழுதால் நடிப்பு, அழாவிட்டால் கல்நெஞ்சு. தேதியைச் சரியாகச் சொன்னால் மனப்பாடம், தடுமாறினால் பொய். இந்த வாய்ப்பாட்டை வைத்துக்கொண்டே மனிதர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு மாலை ரயிலைத் தவறாமல் பிடிப்பார். அவர்மேல் யாரும் புகார் கொடுக்கலாம். புகார் மன்றத் தலைவருக்குப் போகும். தலைவர் அதை ஹெப்வர்த்திடமே கொடுத்து விளக்கம் கேட்பார். ஹெப்வர்த் 'நான் நேர்மையாகவே நடந்துகொண்டேன்' என்று எழுதுவார். தலைவர் நன்றி சொல்வார். இதற்குப் பொறுப்புக்கூறல் நடைமுறை என்று பெயர். இதை வடிவமைக்க ஒரு குழுவும், அந்தக் குழுவுக்கு மதியச் சாப்பாடும் தேவைப்பட்டன.

அவர் இல்லாமல் போனதற்குக் காரணம் யெஷி. எத்தியோப்பியாக்காரி; டான்ஃபோர்த் சாலையில் அல்மாஸ் என்ற பெண்மணியின் கடையில், அந்த ஊர்த் தோசையான இஞ்செரா சுட்டுக்கொண்டிருந்தவள். எத்தியோப்பியாவில் பன்னிரண்டு மாதத்துக்கும் முப்பது முப்பது நாள்தான். மிஞ்சும் ஐந்து நாளும் பாகுமே என்று தனி மாதமாக நிற்கும். அதில் மூன்றாம் நாள் ரஃபேல் தேவதூதரின் நாள். அன்று பெய்யும் மழை புனிதம் என்று பிள்ளைகள் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தெருவில் ஆடுவார்கள். அந்த நாளில், மகள் மிஹ்ரெத் மழையில் குதித்துக்கொண்டிருந்தபோது, சிப்பாய்கள் வந்து யெஷியையும் பள்ளிக்கூட வாத்தியாரான அவள் கணவனையும் இழுத்துப் போனார்கள். கணவன் சிறையிலிருந்து வெளியே வரவில்லை. யெஷி வந்தாள், மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு, திரும்பினால் மறுபடியும் சிறைதான் என்று தெரிந்து, கனடா வந்து சேர்ந்தாள். மன்றம் ஏற்றுக்கொண்டால் மகளை வரவழைக்கலாம். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஹெப்வர்த் முதன்முறை மறைந்த அந்த ஆண்டு ஏப்ரலில் அவர் முன் அவளுடைய விசாரணை நடந்தது.

"என்னைக்குப் பிடிச்சாங்க?"

"பதின்மூணாம் மாசம், மூணாம் தேதிங்க."

ஹெப்வர்த் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, எனக்கு அறுபத்திரெண்டு வயசு. ஒரு வருஷம்கூட பதின்மூணு மாசம் வந்து நான் பார்த்ததில்லை."

"நீங்க பார்க்கலைன்னா அன்னைக்கு மழை பெய்யலைன்னு ஆயிடுங்களா?" என்றாள் யெஷி.

அவளுடைய வக்கீல் அவசர அவசரமாகப் பையிலிருந்து தேவாலயத்துச் சுவர்க் காலண்டர் ஒன்றை உருவி நீட்டினார். ஆவணங்களை முன்கூட்டியே தந்திருக்க வேண்டும், காலக்கெடு முடிந்துவிட்டது என்று ஹெப்வர்த் அதைத் தொடக்கூட மறுத்துவிட்டார். தீர்ப்பில் அவர் இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டார்: 'பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இந்தப் பூமியில் எங்கும், யாருக்கும் இல்லை.' இந்த வாக்கியம் செப்டம்பர் ஆறாம் தேதி, பாகுமே பிறந்த காலையில், எழுதியவர்மேல் முதலில் அமலுக்கு வந்தது.

அவர் போனபோது அவர் எழுதியதும் கூடவே போயிற்று. பதிவறையில் வேலை பார்த்த லோர்னா கோப்புகளைத் திறந்தால், ஹெப்வர்த்தின் தீர்ப்புப் பக்கங்களெல்லாம் வெள்ளையாக இருந்தன. தீர்ப்பு இல்லாத கோப்பு அடுத்த உறுப்பினருக்குப் போக வேண்டும் என்பது விதி. லோர்னா தள்ளுவண்டியில் ஏற்றி அனுப்பினார். அடுத்த உறுப்பினருக்குப் படிக்கும் பழக்கம் இருந்தது. யெஷியின் கோப்பைப் படித்தார், வக்கீலிடமிருந்து அந்தக் காலண்டரை வாங்கிப் பார்த்தார், மதியத்துக்குள் ஏற்றுக்கொண்டார். பதினோராம் தேதி ஹெப்வர்த் அதே நாற்காலியில் தோன்றி, ஆளில்லாத அறையில் "...நம்பணும்?" என்று கேள்வியை முடித்தார். கூடவே நிராகரிப்புகளும் தத்தம் பக்கங்களுக்குத் திரும்பின. எங்கே போயிருந்தீர்கள் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. காப்பி ஆறியிருக்கிறது என்று அவர்தான் குறைப்பட்டுக்கொண்டார்.

இப்படியாக யெஷி ஆண்டு முழுக்க நிராகரிக்கப்பட்டவளாகவும், ஐந்து நாள் மட்டும் அகதியாகவும் ஆனாள். எல்லைக் காவல்காரர்கள் அவளை விமானம் ஏற்ற வந்தபோது ஒரு நீதிபதி தடுத்தார்: பாதி ஏற்றுக்கொள்ளப்பட்ட பெண்ணில் எந்தப் பாதியை அனுப்பப் போகிறீர்கள் என்று அரசாங்கம் தெளிவுபடுத்தட்டும் என்றார். அரசாங்கம் அவகாசம் கேட்டது. ஹெப்வர்த் மறுத்த மற்றவர்களுக்கும் இதே ஐந்து நாள் வாய்த்தது. ஆனால் அவர்களில் பலர் அதற்கு முன்பே விமானம் ஏற்றப்பட்டிருந்தார்கள். வெற்றுப் பக்கத்தால் அவர்களுக்கு என்ன பிரயோஜனம்? சிலரிடமிருந்து எப்போதாவது தொலைபேசி வந்தது. சிலரிடமிருந்து வரவில்லை.

மகளுக்கான விண்ணப்பமும் அந்த ஐந்து நாளில்தான் நகரும். ஒரு வருஷம் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வருஷம் புகைப்படத்தில் காது தெரியவில்லை என்றார்கள். அதற்கடுத்த வருஷம், பிள்ளை வளர்ந்துவிட்டாள், முகம் பொருந்தவில்லை என்றார்கள். வளரவிட்டது யார்? யெஷி மறுபடியும் புகைப்படம் எடுக்கச் சொல்லித் தங்கைக்குப் பணம் அனுப்பினாள். காலையில் கடைக்கு வந்ததும், "அக்கா, இன்னைக்கு நான் யாரு?" என்று கேட்பாள். "இரு, காலண்டரைப் பார்த்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் மாவைக் கரைடி" என்பாள் அல்மாஸ். தொலைபேசியில் மிஹ்ரெத் ஒருநாள், "அம்மா, மத்த நாள்ல நான் உன் மக இல்லையா?" என்று கேட்டாள். "எனக்கு நீ எல்லா நாளும் மகதான் கண்ணு. அவங்க கணக்குலதான் அஞ்சு நாள்" என்றாள் யெஷி. அன்று அவள் சுட்ட இஞ்செரா அத்தனையும் அடிப்பிடித்தது. வாடிக்கையாளர்கள் அதையே தின்றுவிட்டுப் போனார்கள்.

ஆறாம் வருஷம் விஷயம் பத்திரிகைக்கு எட்டி, அங்கிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனது. இல்லாத நாட்களுக்கு ஹெப்வர்த்துக்கு எப்படிச் சம்பளம் கொடுத்தீர்கள் என்று எதிர்க்கட்சி கேட்டது. குடியேற்றச் சட்டம் தளர்ந்து கிடப்பதால்தான் கண்ட மாதமெல்லாம் நாட்டுக்குள் நுழைகிறது என்றார் அமைச்சர். "இன்னைக்குப் பதின்மூணை உள்ள விட்டா நாளைக்குப் பதினாலு வரிசையில வந்து நிக்கும்!" என்று ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் மேசையைத் தட்டினார். "எங்க ஆட்சியில ஒரு மாசம்கூட அனுமதி இல்லாம வந்ததில்ல, தெரிஞ்சுக்கோங்க!" என்று எதிர்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து கத்தினார். இரண்டு பக்கமும் கைதட்டல். இந்தக் கூத்து இரண்டு கூட்டத்தொடர்களுக்கு நீண்டது. அவ்வளவு பேச்சில் யெஷியின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. பொறுப்பு யாருடையது என்று கண்டறிய ஒரு குழு உட்கார்ந்தது. ஹெப்வர்த் அதன் முன் வந்து, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அப்ப நான் அங்க இல்ல" என்றார். அவரது வெளிப்படைத்தன்மையைக் குழு ஒருமனதாகப் பாராட்டியது.

கடைசியில் நாட்காட்டி நேர்மைச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். பதின்மூன்றாம் மாதம் இந்த நாட்டில் எக்காரணம் கொண்டும் இருக்கக் கூடாது. அந்த மாதம் ஒழிந்தால் யெஷியின் ஐந்து நாளும் ஒழியும். அகதியாக இருந்த பாதி போய்விட்டால், நீதிபதி தடுப்பதற்கு எதுவுமில்லை. செப்டம்பர் பன்னிரண்டுக்கு அவள் பெயரில் விமானச் சீட்டும் எடுத்தாகிவிட்டது. அல்மாஸ் அழுதுகொண்டே ஒரு பெட்டியில் துணிமணிகளை அடுக்கினாள். யெஷி அவற்றை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தாள். பயத்தில் செய்தாளா, பிடிவாதத்தில் செய்தாளா என்று அவளுக்கே தெரியாது.

அமைச்சருக்குத் தேர்தல் அவசரம். ஹெப்வர்த் மறைந்திருக்கும் நாட்களிலேயே சட்டம் அமலுக்கு வர வேண்டும், அவரைத் தானே மீட்டு வந்ததாகத் தொலைக்காட்சியில் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டார். சிறப்புக் கூட்டம் கூட்டி, செப்டம்பர் எட்டாம் தேதி, பாகுமேயின் நட்டநடுவில், கேமராக்கள் பார்க்கத் தலைமை ஆளுநரின் கையெழுத்தை வாங்கினார். அத்தனை அதிகாரிகளில், அத்தனை சட்ட ஆலோசகர்களில், அந்த மாதத்துக்குள்ளே ஓர் ஆள் இருக்கிறாரே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இல்லாத மாதத்துக்குக் கடைசி நாள் கிடையாது. கடைசி நாள் இல்லாத மாதத்திலிருந்து திரும்பி வர முடியாது. பதினோராம் தேதி காலையில் டோரிஸ் இரண்டு முட்டை அவித்து வைத்துக் காத்திருந்தார். ஒன்பது மணிக்கு இரண்டையும் அவரே சாப்பிட்டார்.

ஹெப்வர்த்தின் தீர்ப்புப் பக்கங்கள் அதற்குப் பிறகு வெள்ளையாகவே இருக்கின்றன. யெஷியின் கோப்பில் ஒரே தீர்ப்புதான் மிஞ்சியது, அவளை ஏற்றுக்கொண்ட தீர்ப்பு. விமானச் சீட்டை ரத்து செய்தார்கள். வருத்தம் தெரிவித்து யாரும் எதுவும் அனுப்பவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. மன்றம் ஹெப்வர்த்தின் பதவிக்காலத்தை இதுவரை இரண்டு முறை நீட்டித்திருக்கிறது. அவர்மேல் ஒரு புகாரும் வருவதில்லை, மேல்முறையீட்டில் அவர் தீர்ப்பு எதுவும் கவிழ்வதில்லை, காப்பிச் செலவும் இல்லை. மன்ற வரலாற்றிலேயே சிறந்த உறுப்பினர் என்று ஆண்டறிக்கை சொல்கிறது; உண்மையும் அதுதான். சம்பளம் டோரிஸின் கணக்குக்குப் போகிறது.

மிஹ்ரெத் அடுத்த கோடையில் வந்து சேர்ந்தாள், அம்மாவைவிட அரை விரல் உயரமாக. விமான நிலையத்தில் இருவரும் ஒருவரையொருவர் தெரியாதவர்கள்போல் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செப்டம்பர் எட்டாம் தேதி, ரஃபேல் நாள் காலை, டான்ஃபோர்த்தில் மழை பிடித்துக்கொண்டது. யெஷி அடுப்பை அணைத்தாள், செருப்பைக் கழற்றினாள், கடையின் பின்கதவைத் திறந்தாள்.

"அம்மா, இந்த ஊர்லதான் அந்த மாசம் கிடையாதே" என்றாள் மகள்.

"மழைக்கு யாரும் சொல்லல. வா."

கார்கள் நிறுத்தும் இடத்தில் இருவரும் போய் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் அல்மாஸும் வந்தாள். பிறகு பக்கத்துக் கடைக்காரர்கள், சாப்பிட வந்தவர்கள். மிஹ்ரெத் முதலில் ஒரு காலால் தண்ணீரைத் தட்டிப் பார்த்தாள், பிறகு குதிக்க ஆரம்பித்தாள். ஒருவர் காரை எடுக்க வேண்டும் என்று ஹாரன் அடித்தார். பிறகு அவரும் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டினார்.