மணி தைத்த ஷூ

தையல்கடையில் அவளுக்கு மணி தைக்கிற வேலை. கவுனின் கழுத்திலும் கையிலும் மணியும் ஜிகினாவும் வைத்துத் தைத்துக் கொடுப்பாள். உள்பக்கம் முடிச்சு முடிச்சாக நிற்கும். அதைப் பற்றிக் கவலையில்லை. கடை மாஸ்டர் உள்ளே லைனிங் துணி கொடுத்து எல்லாவற்றையும் மூடிவிடுவார். பதினோரு வருஷமாக இப்படித்தான்.

கணவனைப் பிரிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. எட்டு வயது மகள் அவனோடும் அவன் அக்காவோடும் இருந்தாள். சனிக்கிழமை மதியம் மட்டும் அம்மாவிடம் வந்து போவாள். வருகிற லீவு முழுதும் அம்மாவிடம் இருக்கட்டும், ஒத்துவந்தால் அங்கேயே இருந்து பள்ளிக்குப் போகட்டும் என்று போன மாதம் அவனே வாய்விட்டுச் சொல்லியிருந்தான். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

லீவுக்கு முன்னால் பள்ளியில் மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப் போகிறார்கள் என்றாள் மகள். கூடப் படிக்கிறவள் ஒருத்தி ஷூவில் பூ வரைந்து போட்டு வந்தாளாம். வகுப்பே அவள் காலைச் சுற்றி நின்றதாம். தனக்கும் வேண்டும் என்று மட்டும் அவள் கேட்கவில்லை. அதுதான் அம்மாவுக்குத் தாங்கவில்லை.

வெள்ளைக் கான்வாஸ் ஷூ ஒரு ஜோடி வாங்கினாள். துணிக்குப் பூசுகிற பெயிண்டில் கொடி வரைந்து காயவைத்தாள். விரல் வரும் இடத்தில் நீல மணிகளை நெருக்கித் தைத்தாள். கான்வாஸ் அழுத்தமானது, இரண்டு ஊசி ஒடிந்தது. ஒன்றுகூட உதிரக்கூடாதென்று ஒவ்வொரு மணிக்கும் இரட்டை நூல், இரட்டை முடிச்சு. சாப்பாட்டு நேரத்தில் கடையிலேயே உட்கார்ந்து தைத்தபோது மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"இது உன் பொண்ணு காலுக்கா, கல்யாணப் பொண்ணு கழுத்துக்கா? இதைப் போட்டா அவ தரையில நடக்க மாட்டாம்மா. நம்ம தலைமேலதான் நடப்பா."

கடையே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

சனிக்கிழமை ஷூவைக் கண்டதும் மகள் ஓடிவந்து எடுத்துக்கொண்டாள். மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மணியாகத் தொட்டாள். போட்டுக்கொண்டு நாலடி நடந்து காட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை, எப்போதும் வாசலோடு திரும்பிவிடுகிற கணவன் மாடி ஏறி வந்தான். மகளைத் தூக்கி வந்து நாற்காலியில் உட்காரவைத்தான். இரண்டு காலிலும் விரல்களைச் சுற்றிக் கட்டு. கையிலிருந்த பையைத் திறந்து ஷூவை மேஜைமேல் வைத்தான்.

மிருகக்காட்சிசாலையில் நாள் முழுக்க அதைப் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறாள். ஏன் நொண்டுகிறாய் என்று டீச்சர் கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாளாம். வீட்டுக்கு வந்ததும், ரத்தத்தில் ஒட்டிப்போன சாக்ஸை அத்தை வெந்நீர் விட்டு ஊறவைத்துத்தான் எடுக்க முடிந்ததாம்.

அவள் ஷூவுக்குள் கையை விட்டாள். முடிச்சுகளும் வெட்டிய நைலான் நூலின் முனைகளும் முள்ளாகக் குத்தின. இதற்கு லைனிங் கொடுக்க ஆளில்லை என்பது தைக்கும்போது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"தெரியாமப் பண்ணிட்டேன்" என்றாள்.

"அது எனக்குத் தெரியும். நான் அதுக்கு வரல." அவன் குரலை உயர்த்தவில்லை. "எங்க அக்காகிட்டன்னா, லேசா வயித்த வலிச்சாக்கூட இவ வீட்டையே ரெண்டு பண்ணிடுவா. நீ குடுத்ததுன்னதும் வாயே திறக்கல. அம்மா மனசு கஷ்டப்படுமாம். இவளை ஒரு மாசம் இங்க விட்டா, எதையெல்லாம் இப்படி மறைப்பாளோ?"

எத்தனையோ சண்டைகளில் அவனுக்குச் சுடச்சுடப் பதில் கொடுத்தவள் அவள். இப்போது மகளின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"வலிச்சா அம்மாகிட்ட சொல்லணும்டா கண்ணு. அம்மா கோச்சுக்க மாட்டேன். இப்ப வலிக்குதா?"

"இல்லம்மா. ஷூ ரொம்ப நல்லாயிருக்கு."

சொல்லும்போதே, ஒரு கால் இன்னொன்றில் பட்டுவிடாமல் மெல்ல விலக்கி வைத்துக்கொண்டாள். அம்மா அதைப் பார்த்தாள்.

"லீவுக்கு அங்கேயே இருக்கட்டும்" என்றாள் கடைசியில், அவனைப் பார்க்காமல்.

மகளின் முகம் சட்டென்று இறுக்கம் விட்டுத் தளர்ந்தது, பரீட்சை முடிந்தவள் மாதிரி. உடனே சுதாரித்துக்கொண்டு, உதட்டைப் பிதுக்கி, "அப்போ நான் இங்க வரக் கூடாதாம்மா?" என்று கேட்டாள்.

"சனிக்கிழமை வா" என்றாள் அம்மா.