ஏழாம் நம்பர் மலையில் மூட்டிய நெருப்பு

ஏழாம் நம்பர் மலையில் அன்று விடிந்ததிலிருந்தே மூடுபனி இறங்கிக் கிடந்தது. இலங்கை மலைநாட்டின் அக்கரப்பத்தனைப் பக்கத்தில் அது அதிசயமில்லை. தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிற எட்டுப் பேரும் கத்திச் சத்தத்தை வைத்தே யார் எந்த நிரையில் நிற்கிறார்கள் என்று அறிந்து, செடிகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

உச்சிப்பொழுது தாண்டிய நேரத்தில் தலைக்கு மேலே ஓர் இரைச்சல் கேட்டது. போனது. திரும்பி வந்தது. மறுபடியும் போய், இன்னும் தாழ்வாக வந்தது.

"என்னாண்ணே, பெரிய தொரைக்கு வானத்துலயே ரோட்டுப் போட்டுட்டாங்களா?" என்றான் அழகன்.

"பேசாம இருடா," என்றான் செல்லசாமி. "ஏரோப்பிளேன்டா அது. மூணாந்தடவ சுத்துது. வழி தெரியாம நிக்கிறான்."

"குடிச்சிட்டு ஓட்டுறானோ என்னமோ."

யாரும் சிரிக்கவில்லை. கங்காணி பொன்னையா மட்டும், "வேலையப் பாருங்கப்பா. ஆகாயத்துல போறவனுக்கும் நமக்கும் என்னா?" என்று அதட்டினார்.

மூட்டத்தில் வழி தவறியவர்களுக்கென்று அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வெட்டிப் போட்ட தேயிலைக் கிளைகளை, அதாவது மிலாறை, தட்டைப் பாறையின் மேல் குவித்து நெருப்பு வைப்பார்கள், தகரத்தைத் தட்டுவார்கள். தவறியவர் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்துவிடுவார். போன மாரியில் செல்லசாமியின் பெண்சாதி வேலாயியே விறகுக்கட்டோடு அப்படித்தான் வந்து சேர்ந்தாள்.

"கங்காணியாரே, நெருப்பப் போடுவோம். கீழ ஆளுக இருக்காங்கன்னாவது அவனுக்குத் தெரியும்ல?" என்றான் செல்லசாமி.

"தொரைகிட்ட கேக்காமயா?"

"கேட்டுட்டு வர்றதுக்குள்ள அவன் செத்துருவான்."

செல்லசாமி காத்திருக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோக நனையாமல் அடுக்கி வைத்திருந்த காய்ந்த மிலாறை வாரிப் பாறையில் கொட்டினான். தேத்தண்ணி அடுப்பிலிருந்து தணலை அள்ளி வைத்தான். பிடிக்கவில்லை. இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை அவிழ்த்து உள்ளே திணித்து ஊதினான். குப்பென்று பிடித்து ஆளுயரத்துக்கு எழும்பியது. கூட வெட்டிக்கொண்டிருந்த வீரய்யாவும் அழகனும் தகரத்தைத் தட்டினார்கள்.

இரைச்சல் திசை மாறியது.

"வர்றான்! நம்மளப் பாத்துட்டான்டா!" என்று குதித்தான் அழகன்.

செல்லசாமியும் சிரித்தான். சிரிப்பு வாயில் இருக்கும்போதே திரும்பி மலைமுடி இருந்த பக்கம் பார்த்தான். நடந்து வருகிறவன் என்றால் வந்து குளிர்காய்வான். இவன் வந்து எங்கே உட்காருவான்? நெருப்புக்கு நேர் பின்னால், நூறடியில், மலைமுடி சுவர் மாதிரி நின்றது. மூட்டத்துக்குள் அது அவர்கள் கண்ணுக்கே தெரியவில்லை. அவனுக்கு எப்படித் தெரியும்?

"அணைங்கடா!" என்று அலறினான். "அய்யோ, அணைங்கடா!"

காலால் உதைத்தான். எரிகிற மிலாறைக் கையாலேயே வாரி வாரிப் பள்ளத்தில் எறிந்தான். உள்ளங்கைத் தோல் சுருண்டது தெரியவில்லை. வெள்ளை மூட்டத்துக்குள்ளிருந்து இரண்டு சக்கரங்கள் மட்டும் முதலில் வந்தன. எல்லோரும் செடிக்கடியில் விழுந்தார்கள். முடியில் அது மோதிய சத்தம் பாறை உடைக்க வெடி வைத்த சத்தத்தைப் போலிருந்தது. பிறகு கற்கள் உருளுகிற ஓசை. பிறகு ஒன்றுமில்லை.

மேலே ஏறிப் பார்த்தபோது அது எரிந்துகொண்டிருந்தது. ஓட்டியவன் ஒருவன்தான், தூக்கி எறியப்பட்டு ஒரு மானாப்புல் புதரில் கிடந்தான். இளவயது. இடுப்புக்குக் கீழே பார்க்க முடியவில்லை. செல்லசாமி மண்டியிட்டதும் அவன் கண் திறந்து சிங்களத்தில் கேட்டான்:

"பிட்டனிய கோ?"

மைதானம் எங்கே என்று கேட்டான். பதிலுக்குக் காத்திருப்பவன் போலவே பார்த்தபடி போய்விட்டான்.

பொன்னையா எல்லோரையும் கீழே பாறைக்கு இறக்கினார். "சாம்பலப் பள்ளத்துல தள்ளுங்க. பாறையில தண்ணிய ஊத்தித் தேயுங்க," என்றார். பிறகு செல்லசாமியின் காதருகே வந்தார். "வாயத் தொறந்தா பத்துச்சீட்டுதான், வேல போயிரும். ஒனக்கு மட்டுமில்ல, எட்டுக் குடும்பத்துக்கும். லயத்து வீட்ட விட்டுட்டு எங்க போயி நிப்ப?"

துரை வந்தார். வெள்ளைக்காரர், தமிழ் பேசுவார், சிங்களம் வராது. செல்லசாமியின் கைகளைப் பார்த்து, "இவன் நெருப்பில கை விட்டு ஆள இழுத்தானா?" என்றார்.

"ஆமாங்க தொரை. இவந்தான் இழுத்தான்," என்றார் பொன்னையா.

அன்றிலிருந்து செல்லசாமி நல்லவனாகிவிட்டான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கைக்குக் கட்டுப் போட்டார்கள். லயத்துச் சனம் வந்து பார்த்துவிட்டுப் போனது. வேலாயி சோறு ஊட்டினாள். யார் வாசலில் செருமினாலும் அவன் வாயை மூடிக்கொண்டு கதவைப் பார்த்தான்.

"ஏங்க இப்புடி வேர்க்குது? காச்சலா?"

"கை எரியுது," என்றான். அவளிடம்கூடச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் துரை பங்களாவுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. செல்லசாமி கட்டுப் போட்ட கைகளோடு புறப்பட்டான். பொன்னையா கூடவே வந்தார், வழியெல்லாம், "வாயத் தொறக்காத" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லாமல்.

வராந்தாவில் செத்தவனின் அண்ணன் நின்றிருந்தான். அதே மூக்கு, அதே நெற்றி. செல்லசாமியின் கட்டுப் போட்ட கைகளைப் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் பேசினான். தம்பி நுவரெலியாவில் இறங்குவதாக இருந்தானாம். மூட்டமாக இருந்தால் மைதானத்தில் நெருப்பு மூட்டுவதாக அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தானாம். விறகு நனைந்துவிட்டது. எவ்வளவு ஊதியும் பிடிக்கவில்லை.

"நெருப்பு இருந்திருந்தால் வந்து இறங்கியிருப்பான். நான்தான் அவனைக் கொன்றேன். கடைசியில் ஏதாவது சொன்னானா?"

செல்லசாமியை முந்திக்கொண்டு பொன்னையா சிங்களத்தில் சொன்னார்: "இல்லீங்க மாத்தயா. நாங்க போகையிலயே உசுரு இல்ல."

அண்ணன் தலையாட்டினான். பிடித்த கையை விடவில்லை. அவன் பிடித்த சூடு கட்டுத் துணி வழியாக வெந்த சதைக்குள் ஏறியது. இவன் ஊருக்குப் போய் ஆயுள் முழுக்க நனைந்த விறகை ஊதிக்கொண்டிருப்பான் என்று செல்லசாமிக்குப் பட்டது. லயத்து அறை கண்முன் வந்தது. வேலாயி பாத்திரங்களோடு ரோட்டில் நிற்பது வந்தது.

"மாத்தயா," என்றான். துரைக்குப் புரியாத பாஷையிலேயே மெல்லச் சொன்னான். "கிந்தர பத்து கலே மம."

நெருப்பு வைத்தது நான்.

பொன்னையா மூச்சை இழுத்தார். அண்ணனின் பிடி இறுகியது. வலியில் செல்லசாமிக்குக் கண் இருண்டது. பிறகு ஒவ்வொரு விரலாகத் தளர்ந்தது.

"என்னா சொல்றான்?" என்றார் துரை.

அண்ணன் துரையைப் பார்த்து இங்கிலீசில் ஏதோ சொன்னான். நாலைந்து வார்த்தைதான். துரை செல்லசாமியை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரி, போ. கை ஆறுனா வேலைக்கி வா."

இருவரும் படியிறங்கினார்கள். லயத்துக்குப் போகிற பாதையில் அண்ணனின் கார் நின்றது. அவன் இவர்களைத் தாண்டி வேகமாகப் போய் உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினான். கார் கிளம்பவில்லை.

"இன்னைக்கி அவன் சொல்லல," என்றார் பொன்னையா பல்லைக் கடித்துக்கொண்டு. "நாளைக்கி வெசாரணையில சொன்னா? என்னா காரியம்டா பண்ணுன, படுபாவி? நட, நட."

செல்லசாமி நடக்கவில்லை. கண்ணாடிக்கு உள்ளே அந்த மனிதன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கினால் என்ன முகத்தோடு பார்ப்பான் என்று தெரியவில்லை. போவதற்கு வேறு பாதையும் இல்லை.