ஆளில்லாத இடத்துப் புகை

குடும்பிமலை தூரத்தில் தனியாக நிற்கும். அதற்கும் குடிசைகளுக்கும் நடுவே முட்புதரும் வெடித்த தரையும்தான். மாரியில் மாட்டுக்குப் புல் உண்டு. வைகாசி பிறந்தால் கிணறு வற்றும்; பவுசர் வண்டி கொண்டுவந்தால்தான் தண்ணீர்.

இந்த வைகாசி பவுசர் வரவில்லை. கேதீஸ்வரி கிராம சேவகரிடம் போய் நின்றாள்.

"பிரதேச விபரத்தில உங்கட இடம் மலையும் காடும் எண்டுதான் கிடக்கு அக்கா. ஆளில்லையாம். ஆளில்லாத இடத்துக்கு என்னெண்டு தண்ணி அனுப்பிற?"

"அப்ப உங்களோட கதைக்கிறது ஆரு, பேயா?"

அவர் சிரித்தார். விபரம் எழுதியவர் திங்கட்கிழமை மறுபடி பார்க்க வருகிறார் என்றார். "அண்டைக்கு ஆக்கள் இருக்கவேணும்."

திங்கட்கிழமை குளிர்த்தி. குடிசைக்காரர் பிரிந்து வந்த தாய்க்கிராமத்தில் கண்ணகி அம்மன் கோயில் கதவு வருடத்தில் ஒருமுறைதான் திறக்கும். கடைசி நாள் அம்மனைக் குளிர்வித்து மூடிவிடுவார்கள். அன்று இந்தக் குடிசைகளில் ஒரு பூனைகூட மிஞ்சாது. சடங்கு நெல்லைக் குற்றுவது கேதீஸ்வரியின் தாய்வழிக் குடிப் பெண்கள். முதல் உலக்கை, தாய்க்குப் பிறகு அவளுடையது.

"நீ வராட்டி உலக்கை உன்ட தங்கச்சிக்குப் போயிரும்" என்றான் புருஷன் தங்கராசா. "மறுகா கேட்டு வாங்கேலாது."

"தண்ணி போனா மட்டும் கேட்டு வாங்கலாமா?"

அவன் லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏறினான். எல்லோரும் போனார்கள்.

திங்கட்கிழமை கேதீஸ்வரி வாசல் கூட்டினாள். கூட்டிவிட்டு நிமிர்ந்தால், கண்ணுக்கெட்டியவரை கட்டிய வேலிப் படலைகள். பார்க்க வருகிறவனும் இதைத்தானே பார்ப்பான்? சிரட்டையில் தணல் அள்ளினாள். ஒவ்வொரு படலையாக அவிழ்த்து, வீட்டுக்கு வீடு அடுப்பு மூட்டிப் பச்சை இலை போட்டாள்.

மத்தியானம் ஜீப் வந்தது. இறங்கியவன் பெயர் ஷிஹான், ஏறாவூர் முஸ்லிம் பிள்ளை. வீடு வீடாக எட்டிப் பார்த்தான். அடுப்பு எரிகிறது, மேலே பானை இல்லை.

"ஆக்கள் எங்க அக்கா?"

மாட்டோடு காட்டுக்குள் என்று சொல்ல யோசித்து வைத்திருந்தாள். வாய் வரவில்லை.

"குளிர்த்திக்குப் போயிற்றாங்க."

"அப்ப இந்த அடுப்பெல்லாம்?"

"நான்தான் மூட்டின. போனமுற புகையக் காணாமத்தானே ஆளில்லை எண்டு எழுதினீங்க."

அவன் கையிலிருந்த விபரத்தாளைப் புரட்டித் தேதியைப் பார்த்தான்.

"போன வருசமும் இந்தக் கிழமைதான் வந்தன். கந்தோர்ல எல்லாரும் குளிர்த்திக்கு லீவு. அப்பதான் எனக்கு ஜீப் கிடைக்கும்."

"நல்ல நாள் பாத்தீங்க தம்பி. வாற பெருநாளண்டைக்கு நான் ஏறாவூர்க் கடைத்தெருவுக்கு வாறன், ஆளிருக்கா எண்டு பாக்க."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பவுசர் வரும் அக்கா. பிழையா எழுதினது நான், திருத்தித் தாறன்." பிறகு கேட்டான்: "நீங்க ஏன் போகல்ல?"

"நானும் போனா நீங்க ஆரோட கதைப்பீங்க? என்ட உலக்கைய இண்டைக்கு வேற ஆள் பிடிக்கும்."

"எப்ப குற்றுவாங்க?"

"பொழுது சாய."

அவன் வெயிலைப் பார்த்தான். "ஏறுங்க."

அடுப்புகளை அணைக்க ஜீப்பிலிருந்து தண்ணீர்க் கேனை எடுத்தான். கேதீஸ்வரி பறித்துக்கொண்டாள். "ஊத்திறதுக்கா தண்ணி? மண்ணை அள்ளிப் போடுங்க." இருவரும் வீட்டுக்கு வீடு மண் போட்டார்கள். கேனைத் தன் வீட்டுக்குள் வைத்துப் படலையை இறுக்கிக் கட்டினாள்.

ஜீப் புறப்படும்போது திரும்பிப் பார்த்தாள். ஒரு கூரையில் புகை இன்னும் அடங்கவில்லை. நிறுத்தச் சொல்ல வாயெடுத்தாள். மண் போட்ட அடுப்புத்தானே, ஆளிருக்கிற இடம்போல் கிடக்கட்டும் என்று இருந்துவிட்டாள்.