முகம் பார்க்கிறவங்க பாத்துக்கலாம்

எங்கள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டால் கோயில் வாசல் நேரே தெரியும். யார் பூசைக்கு நேரத்தோடு வருகிறார்கள், யார் பிரசங்கம் முடிந்தபின் நைசாக நுழைகிறார்கள் என்பதெல்லாம் பங்குச் சாமியாரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். வேவு பார்ப்பதாக நினைக்க வேண்டாம். கண் இருக்கிறது, எதிரே கோயில் இருக்கிறது; நான் என்ன செய்ய?

அப்படித்தான் போன மழைக்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், இராமலிங்கம் இஸ்திரி போட்ட சட்டையோடு பங்கு மண்டபத்துக்குள் நுழைவதைப் பார்த்தேன். ஆய்ந்துகொண்டிருந்த முருங்கைக்கீரை கையோடு நின்றுவிட்டது.

புதிதாக வந்த ஃபாதர் ஜெரால்ட் பெரியவர்களுக்கென்று வகுப்பு ஒன்று தொடங்கியிருந்தார். ஞானஸ்நானம் வாங்க விரும்பும் வேற்று மதத்தவர்கள் வாராவாரம் வந்து படிக்க வேண்டும். உயிர்ப்புத் திருநாளான ஈஸ்டருக்குத் தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். எங்கள் தெருப் பெண் தேவதர்ஷினி சேர்ந்ததில் ஆச்சரியமில்லை. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, மாப்பிள்ளை நம் பங்கு. இராமலிங்கத்துக்கு என்ன கேடு?

கும்மிடிப்பூண்டி உருக்காலையில் காலமெல்லாம் உலைக்கு முன்னால் நின்ற மனுஷன் அவர். இரும்பு உருகும் வெளிச்சத்தை நீலக் கண்ணாடி வழியே பார்த்துப் பார்த்து, ஓய்வு பெற்ற பிறகும் கண்ணோரம் சிவந்தே கிடக்கும். ஒரே மகள் நந்தினி எங்கள் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து பென்னியைக் கட்டிக்கொண்ட அன்று, தெருவே கேட்கக் கத்தினார்.

"இனிமே உன் மூஞ்சில முழிக்க மாட்டேன். நீ செத்தாலும் முழிக்க மாட்டேன்."

எல்லா அப்பனும் சொல்வதுதான். பேரப்பிள்ளை பிறந்தால் எல்லா அப்பனும் மறந்துவிடுவதுதான். நந்தினிக்குப் பிள்ளை பிறக்கவில்லை. டெங்கு வந்தது.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பென்னி, அத்திப்பட்டு மின் நிலையத்தில் வெல்டிங் வேலையிலிருந்து அப்படியே, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் இராமலிங்கம் வீட்டுக்கு வந்தான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான மதில் ஓரமாக நான் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். காய்ந்த துணியா ஈரத் துணியா என்று கேட்காதீர்கள்.

"மாமா, உங்களத்தான் கேட்டுக்கினே இருக்கா. ஒரு தபா வந்து மூஞ்ச காட்டிட்டுப் போயிடுங்க. பைக்லயே இட்டுக்கினு போயி இட்டாந்து உட்டுடறேன்."

இராமலிங்கம் டிவியைப் பார்த்தபடியே சொன்னார். "சொன்னா சொன்னதுதான்."

அடுத்த நாள் அவளைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். எங்கள் வழக்கத்தில், மூடி போடுவதற்கு முன், கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் சத்தமாகச் சொல்வார். தாவீது உபதேசியாருக்கு வெண்கலக் குரல். "முகம் பார்க்கிறவங்க பாத்துக்கலாம்!" இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடைக்குப் பக்கத்தில் நின்ற இராமலிங்கத்தைப் பார்த்து இன்னொரு தடவையும் கூப்பிட்டார். பென்னி மூடியைப் போடவிடாமல் பிடித்துக்கொண்டே நின்றான். இராமலிங்கம் ரோட்டில் இறங்கினார். ஒரு கன்டெய்னர் லாரி குறுக்கே வந்தது. லாரி போனபின் பார்த்தால் மனுஷன் பழையபடி டீக்கடை ஓரத்திலேயே நின்றார். அதற்குமேல் எவ்வளவு நேரம்தான் பிடித்துக்கொண்டு நிற்பது?

கல்லறைக்கு மட்டும் எல்லோருக்கும் கடைசியில் வந்தார். மண் போட்டபின் அப்போதிருந்த பழைய ஃபாதர், "இந்த மகளை நாம் மறுபடியும் முகமுகமாய்க் காண்போம்" என்றார். எல்லா அடக்கத்திலும் சொல்வதுதான்; நாங்கள் ஆமென் சொல்லிவிட்டுக் காபிக்குப் போனோம். இராமலிங்கம் மட்டும் ஃபாதரின் அங்கியைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி, நீங்க சொன்னது நெசமா? பாக்கலாமா?"

இதெல்லாம் நடந்து ஒரு வருஷம் கழித்துத்தான் இஸ்திரி சட்டை. பழவேற்காட்டிலிருந்து மீன் கொண்டுவரும் கெங்கம்மாளுக்கும் எனக்கும் அன்று இதே பேச்சு.

"இன்னாக்கா, பெருசு உங்க கோயில்ல சேந்துடுச்சாமே? மருமவன் மனை வாங்கிப் போட்டுக்கீறானே, அதுக்கு அடி போடுதோ?"

"மனை இல்லடி. கல்லறையில பொண்ணு பக்கத்துல எடம் புடிக்குது."

"சீ, போக்கா. சாவறதுக்கு யாராச்சும் பரீட்ச எழுதுவாங்களா?" என்றாள். சங்கரா மீன் அன்று நன்றாக இல்லை.

வகுப்பில் இராமலிங்கத்துக்கு எதுவும் ஏறவில்லை என்று தாவீது உபதேசியார் என்னிடம் புலம்பினார். பத்துக் கட்டளையில் பாதி மறந்துவிடும். ஆனால் மரித்தோர் உயிர்த்தெழும் பாடம் வந்தால் மட்டும் விடமாட்டாராம். அதே மூஞ்சிதான் வருமா, அடையாளம் தெரியுமா, பார்க்க மாட்டேன் என்று சொன்னவனுக்கும் காட்டுவார்களா என்று கேட்டுக் கேட்டு ஒரே பேஜாராம்.

சேர்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு ஞானத் தகப்பனோ தாயோ வேண்டும். யார் என்று ஃபாதர் கேட்டதற்கு இராமலிங்கம் தயங்காமல் சொன்னார்: "பென்னி." ஃபாதர் போய்ப் பேசியிருக்கிறார். பென்னி, "நந்தினிக்காக வரேன் ஃபாதர். அவருக்காக இல்ல" என்றானாம். இது ஃபாதர் வீட்டில் சமைக்கும் கிறிஸ்டினா சொன்னது. அவள் பொய் சொல்லமாட்டாள், கூட்டித்தான் சொல்வாள்.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு வரவேற்புச் சடங்கு. சேர்கிறவர்கள் கோயிலுக்கு வெளியே, படியில் நிற்க வேண்டும். ஃபாதர் உள்ளிருந்து வந்து கேள்வி கேட்பார். பதில் ஒற்றை வார்த்தை. உபதேசியார் வாரக்கணக்கில் உருப்போட வைத்திருந்தார். நான் வாசற்படியை ஒட்டியே நின்றேன். வேறெங்கே நிற்பேன்?

"இறைவனின் திருச்சபையிடம் நீர் கேட்பது என்ன?"

"விசுவாசம்" என்றாள் தேவதர்ஷினி, கணீரென்று.

இராமலிங்கத்திடம் வந்தார். "நீர் கேட்பது என்ன?"

உபதேசியார் பின்னாலிருந்து வாயை அசைத்து அசைத்துக் காட்டினார். இராமலிங்கம் அவரைப் பார்க்கவே இல்லை.

"எம் பொண்ணு மூஞ்சிய ஒரு தபா பாக்கணும் சாமி."

யாரோ சிரித்தார்கள். நான் இல்லை. ஃபாதர் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார். பிறகு ஞானப் பெற்றோர் சிலுவை அடையாளம் போட வேண்டும். ஃபாதர் ஜெபம் சொல்லச் சொல்ல, பென்னி கட்டைவிரலால் மாமனாரின் நெற்றியில் போட்டான். காதுகளில் போட்டான்.

"கடவுளின் மாட்சியைக் காணும்படி உம் கண்களில் சிலுவை அடையாளத்தைப் பெற்றுக்கொள்ளும்."

இராமலிங்கம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்களை மூடினார். பென்னியின் கை பாதியில் நின்றது.

"இந்தக் கண்ணுல என்னால போட முடியாது ஃபாதர்" என்றான். "மூடியப் புட்ச்சிக்கினு நின்னேன். ஒருத்தருக்காக. எரியிற உலையப் பாத்த கண்ணுக்கு, பெத்த பொண்ணப் பாக்க முடியல."

படியிறங்கிப் போய்விட்டான். ஃபாதர் தாமே கையை நீட்டினார். இராமலிங்கம் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வேணாம் சாமி. நீங்க போட்டா செல்லாது. அவருதான் போடணும். அதுவரிக்கும் நான் உள்ள வரல."

ஃபாதர் எவ்வளவோ சொன்னார். சொன்னா சொன்னதுதான் என்கிற அந்தக் குணம் மட்டும் மனுஷனிடம் மாறவில்லை.

உயிர்ப்புத் திருநாள் வந்தது. தேவதர்ஷினி ஞானஸ்நானம் வாங்கி, கல்யாணமும் முடித்துக்கொண்டு காக்களூருக்குக் குடிபோய்விட்டாள். இராமலிங்கம் ஞாயிறு தவறாமல் அதே படியில் நிற்கிறார். மழைக்குக் குடை, வெயிலுக்குத் துண்டு. பென்னி பக்கவாட்டு வாசல் வழியாக வருவான், அந்த வழியாகவே போவான்.

போன ஞாயிறு பக்கவாட்டு வாசலில் பெயின்ட் அடித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். பென்னி முன்வாசலுக்கு வர வேண்டியதாயிற்று. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். செருப்புச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டாரோ என்னவோ, இராமலிங்கம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். கண்களை மூடி, முகத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார்.

பென்னி அவருக்கு முன்னால் வந்து நின்றான். அந்த முகத்தையே பார்த்தான். நந்தினிக்கு அப்பன் மூக்கு, அப்பன் தாடை; கண்ணை மூடினால் அச்சு அசல் அவள்தான். பெட்டிக்குள் கடைசியாகப் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்வோம். பென்னியின் கை கொஞ்சம் மேலே வந்தது. பிறகு அதே கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல் விலகி உள்ளே போய்விட்டான்.

உள்ளே பாட்டுத் தொடங்கியது. இராமலிங்கம் கண்ணைத் திறக்கவில்லை. விரல் வந்து படும் என்று, மூடிய இமையோடு காத்துக்கொண்டே நின்றார்.

அவன் உள்ளே போய்விட்டான் என்று யாராவது சொல்லியிருக்கலாம். தெருவில் எதுவானாலும் முதலில் போய்ச் சொல்கிறவள் நான்தான். எழுந்து எங்கள் வீட்டு கேட் வரைக்கும் போனேன். சொல்ல வாய் வரவில்லை.