கரடி உட்காரும்வரை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது, கைதட்டாத இரண்டு கைகளிடமிருந்து. முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன் கண்ணுகளா. சொந்தச் சரக்கு என்று பீற்றிக்கொண்டேன் என்று பிற்பாடு யாரும் சொல்லிவிடக் கூடாது.

சனிக்கிழமைகளில் நூலகத்தின் பின்னறையில் கதை சொல்கிறேன். முடிந்ததும் இருபது பேர் கைதட்டுவார்கள். எனக்கும் உள்ளுக்குள் குளிரும். அன்று இரண்டாவது வரிசையில் ஒருத்தி மட்டும் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“கதை பிடிக்கலையாம்மா?” என்று கேட்டே விட்டேன். (கேட்டிருக்கக் கூடாது. கிழவிக்கு ஆசை விடவில்லை.)

“ஐயோ, மூக்கு சிந்திக்கிட்டே கேட்டேம்மா. கைதான் வரமாட்டேங்குது. நாங்க வேலை செய்யுற இடத்துல தட்டக் கூடாது. பழகிப்போச்சு.”

சர்க்கஸிலிருந்து வந்த விலங்குகள் ஓய்வெடுக்கும் காப்பகம் அது. பழம் நறுக்குவது, தானியம் வேகவைப்பது, யார் எவ்வளவு மிச்சம் வைத்தார்கள் என்று பார்ப்பது அவள் வேலை. ‘தீனி அக்கா’ என்றுதான் அங்கே எல்லோரும் கூப்பிடுகிறார்கள். என்னைவிட இருபது வயது சின்னவளை அக்கா என்று எழுதப் போகிறேன்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: ‘அடர்ந்த காட்டில் ஒரு கரடிக்குட்டி தன் தாயின் பின்னால்…’ அடித்துவிட்டேன். எங்கள் கரடி அம்மணி காட்டைப் பார்த்ததே இல்லை. கூண்டில் பிறந்தவள்.

இரண்டாம் தொடக்கம்: ‘முறுக்கு மீசை வைத்த மாஸ்டர் சவுக்கைச் சொடுக்கியபோது…’ இதைத் தீனி அக்காவிடம் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டாள். “அந்த ஆளுக்கு மீசையே இல்லம்மா. நீங்களா வரைஞ்சு விட்டுட்டீங்க.”

மூன்றாம் தொடக்கம்: ‘மழை பெய்தது. கரடி எழுந்து நின்றது.’

இது இருக்கட்டும்.

3

அம்மணிக்கு இருபத்தேழு வயது. கரடிக் கணக்கில் என் வயதுக்காரி. பதினெட்டு வருடம் வளையத்துக்குள் ஆடியவள். கைதட்டல் கேட்டால் பின்னங்கால்களில் எழுந்து, முன்கைகளை மார்பில் மடித்து நிற்க வேண்டும். ஓய்வுக்கு வந்து ஒன்றரை வருடமாகியும் நிற்கிறாள். இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது என்பது அவளுடைய காதுக்குத் தெரியவில்லை.

அதனால் காப்பகத்தில் யாரும் கைதட்டுவதில்லை. சாக்கை உதறுவதில்லை. கதவைப் படாரென்று சாத்துவதில்லை. எல்லோரும் தண்ணீருக்கு அடியில் நடப்பவர்களைப் போல நடக்கிறார்களாம்.

ஆனால் மழை? அவள் கொட்டகைக்குத் தகரக் கூரை. முதல் தூறல் விழுந்ததும் நாலு பேர் தட்டுவார்கள். வலுத்தால் ஆயிரம் பேர். கூரைமேல் சாக்கு பரப்பினார்கள். மழை குளத்தில் தட்டியது, வாழையிலையில் தட்டியது. “மேகத்துக்கா சாக்கு போட முடியும்?” என்றார் காப்பகத்து டாக்டர்.

எழுவதுகூடப் பெரிதில்லை. ‘போதும்’ என்ற சைகை வரும்வரை அம்மணி உட்கார மாட்டாள். அந்தச் சைகை என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. கையைத் தாழ்த்திப் பார்த்தார்கள். விசில் ஊதினார்கள். தேன் தடவிய பழத்தை முன்னால் வைத்தார்கள். மழை என்றால் கைவேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் வேலிக்கு ஓடுவார்கள். “உக்காரு தங்கம், உக்காரும்மா” என்று கெஞ்சுவார்கள். தொடை நடுங்க நடுங்க அவர்களைப் பார்த்தபடியே நின்று, கடைசியில் அடியற்ற மரமாக விழுவாள். போன மழைக்காலத்தில் மட்டும் நான்கு முறை.

“இன்னும் ரெண்டு தடவை விழுந்தா பின்னங்கால் போயிடும் அக்கா,” என்றார் டாக்டர். “அப்புறம் என்கிட்ட இருக்குறது ஒரே ஒரு ஊசிதான்.”

மழைக்காலத்துக்குப் பத்து நாள் இருந்தது.

(* கரடியின் பின்னங்கால் தடம் ஈர மண்ணில் மனிதக் கால்தடம் போலவே இருக்குமாம். முதல் நாள் தீனி அக்கா யாரோ வெறுங்காலோடு உள்ளே போய்விட்டார்கள் என்று கத்தியிருக்கிறாள். இதைக் கதையில் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இங்கேயே கிடக்கட்டும்.)

4

கலைந்துபோன சர்க்கஸின் பழைய தாள்களில் முகவரி தேடிப்பிடித்து, விடுமுறை நாளில் பேருந்து ஏறினாள் தீனி அக்கா. மீசையில்லாத மாஸ்டர் ஒரு சலவை நிலையத்தின் பின்கட்டில் வெள்ளை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். கொடி கொடியாக விரிப்புகள். நடுவில் அந்த மனிதர், மேகத்துக்குள் வேலைக்குச் சேர்ந்தவர் போல.

“யாரும்மா?”

“அம்மணிக்குத் தீனி போடுறவ.”

“எந்த அம்மணி?”

“நீங்க ஆட வெச்ச கரடி.”

“ஓ. பேரை மாத்திட்டீங்களா. எனக்கு அவ பாப்பா.”

“பேர் கெடக்கட்டும். அவளை எப்படி உக்கார வைப்பீங்க? அதை மட்டும் சொல்லுங்க.”

“ஏன், இன்னுமா நிக்கிறா?”

இந்த இடத்தில் அவரை அழவைத்தேன். மறுநாள் கண்ணீரை அழித்தேன். உண்மையில் அவர் செய்தது, ஒரே மடிப்பை மூன்று முறை அழுத்தித் தேய்த்ததுதான்.

“சைகைன்னு ஒண்ணும் கிடையாதும்மா. நான் திரும்பி நடந்துடுவேன். என் முதுகைப் பார்த்தா ஆட்டம் முடிஞ்சுதுன்னு அவளுக்குத் தெரியும்.”

“கரடி விடுறீங்களா?”

“பதினெட்டு வருஷம் விட்டாச்சு. போதும்.”

“அடிச்சீங்களா அவளை?”

“கத்துக்குடுக்கும்போது அடிச்சேன்.” விரிப்பின் அடுத்த முனையை எடுத்தார். “ஒரு தடவை வந்து பார்க்கலாமா?”

பழைய ஆட்களை உள்ளே விடக் கூடாது என்பது காப்பகத்தின் விதி. “கூடாதுங்க,” என்றாள் தீனி அக்கா. அவர் தலையாட்டினார். நானாக இருந்திருந்தால்…

இல்லை. நான் அங்கே இல்லை.

5

காப்பகத்தின் கதவில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை தொங்குகிறது: கரடிக்கு முதுகைக் காட்டாதே. வேலைக்குச் சேரும் எவருக்கும் முதல் பாடம் அதுதான். நடுவில் இரும்பு வேலி இருந்தாலும் அந்தப் பாடம் உடம்பில் ஊறிவிடும். அதோடு, நடுங்கி நிற்கும் ஒரு ஜீவனை விட்டு யாருக்குத் திரும்ப மனம் வரும்? புறமுதுகு காட்டுவது நமக்கு இழுக்கு வேறு. ஆக, அம்மணி நின்றதால் அவர்கள் பார்த்தார்கள்; அவர்கள் பார்த்ததால் அம்மணி நின்றாள்.

அடுத்த மழையில் எல்லோரும் திரும்பி நின்று பார்க்கலாம் என்றாள் தீனி அக்கா. டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. “அடிச்சவன் பேச்சைக் கேட்கச் சொல்றீங்களா? விழும்போது பார்க்கக்கூட ஆளில்லாம விட்டுடறதா?”

“பார்த்துக்கிட்டேதான டாக்டர் நாலு தடவை விழ விட்டோம்?”

டாக்டர் வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “ஒரே ஒரு மழைக்கு,” என்றார்.

6

‘மழை வந்ததும் நடந்ததைச் சனிக்கிழமை வந்து சொல்றேம்மா’ என்று போயிருக்கிறாள் தீனி அக்கா. இன்று வெள்ளி, மதியம் மூன்று மணி. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே என் ஜன்னல் தகரத்தில் முதல் ஆள் தட்டினான். பிறகு நாலு பேர்.

இப்போது ஆயிரம்.

முடிவு ஒன்று: அம்மணி உட்காருகிறாள். (ஆசையால் எழுதியது.)

முடிவு இரண்டு: மாஸ்டருக்கு ஞாபகம் பிசகு. அம்மணி விழுகிறாள். திரும்பி நின்ற ஐந்து முதுகுகளுக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. (பயத்தால் எழுதியது.)

மூன்றாவதை எழுதப் பேனாவை எடுத்தேன். காகிதம் ஈரக்காற்றில் வளைகிறது. சாம்பல் வெளிச்சத்தில் அம்மணி எழுந்து நிற்பது எனக்குத் தெரிகிறது. உரோமத்தில் மழை மணிமணியாக, முன்கைகள் மார்பில். வேலிக்கு வெளியே தீனி அக்கா திரும்பிவிட்டாள். டாக்டரும் திரும்பிவிட்டார். ஒருவர் பின் ஒருவராக எல்லா முகங்களும் விளக்குகள்போல அணைகின்றன. அம்மணி அவர்களின் தலைகளுக்கு மேலாகப் பார்க்கிறாள். இன்னும் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிகிறது.

நான் இல்லை கண்ணுகளா. நான் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.

7

அவளது இடது தொடை நடுங்குகிறது. முன்கைகள் மார்பிலிருந்து மெல்ல…

மாட்டேன். நான் எழுதினால் நீங்கள் பார்ப்பீர்கள்.

கைதட்ட வேண்டாம். இந்தத் தாளைச் சத்தமில்லாமல் கவிழ்த்து வையுங்கள். அப்படியே, தங்கங்களா, மெதுவாகத் திரும்பிக்கொள்ளுங்கள்.