மஹ்பூபியின் கயிறு

பரந்தாமன் புதுக் கிணற்றைத் திறந்து வைத்தபோது நானும் கை தட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஆம்பூருக்குக் கிழக்கே பட்டறைமேட்டில் எங்கள் சேரி. எல்லோருக்கும் தோல் பதனிடும் ஷாப்பில்தான் வேலை. ஆண்கள் சுண்ணாம்புக் குழியில் தோல் ஊறப்போடுவார்கள், நான் ஆவாரம் பட்டை இடிப்பேன். தோல் கழுவிய தண்ணீர் இறங்கி இறங்கி எங்கள் கிணறு வாயில் வைக்க முடியாமல் போய்விட்டது. ஊருக்குள் கேட்டால் நாலடி தள்ளி நிறுத்தி, செம்பைத் தூக்கிப் பிடித்துக் கையில் ஊற்றுவார்கள். அதற்குத் தர்மம் என்று பெயர் வேறு!

தொப்பி தைத்துப் பிழைக்கும் மஹ்பூபி மட்டும் அப்படியில்லை. ஷாப் மணி அடித்ததும் தன் வீட்டுக் கிணற்றுச் சுவரில் கயிறும் வாளியும் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ஊற்றவும் மாட்டாள், எட்டிப் பார்க்கவும் மாட்டாள். நாங்களே இறைத்துக்கொள்வோம். ஒருநாள் நன்றி சொல்லப் போனேன்.

"இன்னாத்துக்கு? எறைச்சது நீ, கை வலிக்கிறது உனக்கு. நான் இன்னா செஞ்சேன்?" என்றாள்.

அந்தச் சித்திரையில் அவள் கிணறும் வற்றியது. நாங்கள் பயப்படவில்லை. ஊர் போர்டின் புதுப் பொதுக் கிணறு முடிகிற கட்டத்தில் இருந்தது. ஊர் போர்டு மெம்பர் பரந்தாமன், "எல்லாருக்கும் தண்ணி, ஆள் மட்டும் குடுங்க" என்று கேட்டிருந்தார். ஆறு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்த கையோடு எங்கள் ஆட்கள்தான் இறங்கித் தோண்டினார்கள். பாறை உருண்டு என் புருஷன் ராயப்பனுக்குக் கால் விரல் இரண்டு நசுங்கியது.

திறப்பு விழா சாயங்காலம் நடந்தது. மாலை, மேளம், "சர்வ ஜனங்களுக்கும்" என்று ஒரு நீளப் பேச்சு. நாங்கள் கை தட்டினோம். குடத்தோடு நான் முன்னால் போனதும் காவல்காரன் கோவிந்தசாமி கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"தள்ளி நில்லு சவுரியம்மா. நான் எறைச்சு ஊத்தறேன்."

நான் பரந்தாமனைப் பார்த்தேன். "ஐயா, எல்லாருக்கும்னு சொன்னீங்களே?"

"தண்ணி எல்லாருக்கும் தாம்மா. நீங்க கயிறைத் தொட்டா தண்ணி கெட்டுப்பூடாதா?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆறு வாரம் எங்கள் ஆட்கள் நின்று மிதித்த ஊற்று அது. என் புருஷனின் ரத்தம் அதன் அடியில் கிடக்கிறது. அப்போது கெடாத தண்ணீர் என் விரல் பட்டுக் கெட்டுவிடுமாம்! ஆனாலும் வெட்கங்கெட்டுக் குடத்தை நீட்டத்தான் போனேன். வீட்டில் ஒரு சொட்டு இல்லை.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு மஹ்பூபி வந்தாள். ரம்ஜான் மாதம். நோன்பில் உதடு வெடித்திருந்தது. தோளில் அவள் வீட்டுக் கயிறு, கையில் வாளியும் ஒரு செம்பும். காலியாக இருந்த இன்னொரு ராட்டினத்தில் கயிற்றைப் போட்டு, முனையை என் கையில் வைத்தாள்.

"இழும்மா."

பரந்தாமன் பதறினார். "பீபிம்மா, நீங்க எடுத்துக்கோங்க. இவங்க வேணாம்."

"ஒன்பது வருஷமா எங்க வூட்டுக் கிணத்துல இவங்கதான் எறைக்கிறாங்க. அந்தத் தண்ணியில கை கால் கழுவித்தான் நான் தொழுவறேன். தொழுகைக்கே கெடாத தண்ணி உங்களுக்குக் கெட்டுடுமா?"

நான் இழுத்தேன். கோவிந்தசாமி கயிற்றைப் பறிக்க வந்தான். எனக்குப் பின்னால் எங்கள் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து கயிற்றைப் பிடித்தார்கள். அத்தனை கைகளைப் பார்த்ததும் அவன் நின்றுவிட்டான். பரந்தாமன் ஏதோ கத்திக்கொண்டே மாலையோடு போனார்.

முதல் வாளியை மஹ்பூபியிடம் நீட்டினேன். கோபத்தில் அவள் நோன்பிருப்பதே எனக்கு மறந்துவிட்டது.

"பாங்கு சொல்லட்டும்," என்றாள்.

காத்திருந்தோம். பொழுது சாய்ந்தது. பள்ளிவாசலில் பாங்கு கேட்டதும், அவள் தன் செம்பை நான் இறைத்த வாளிக்குள் விட்டு முகந்து, ஊர் முழுக்கப் பார்க்க ஒரே மூச்சில் குடித்தாள்.

"நல்ல தண்ணி. கயிறு இங்கியே கிடக்கட்டும்," என்று சொல்லிவிட்டு செம்பை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

கயிறு இன்னும் அங்கேதான் இருக்கிறது. எவனாவது அவிழ்க்க வரட்டும், பார்க்கிறேன்.